தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி: விற்றால் தேறுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில், நிலபுலன் இருந்த குடும்பங்களில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருப்பது ஒரு தலைமுறைக்கு முன்பு சாதாரண விஷயம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், அரூர் என்று எந்தப் பக்கம் போனாலும், அப்பாவோ பெரியப்பாவோ வைத்திருந்த பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியைப் பற்றி ஒரு கதை கிடைக்கும். அவர்கள் போய்விட்டார்கள், துப்பாக்கி நின்றுவிட்டது. பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள், யாருக்கும் அது வேண்டாம், ஆனால் "வெளிநாட்டுத் துப்பாக்கி, லட்சக்கணக்கில் போகும்" என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய, தேய்ந்த பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் விற்கிற அலைச்சலுக்குக்கூடத் தேறாது. சில தேறும். அது எது, இது எது என்று பிரிப்பதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: நம் நாட்டில் துப்பாக்கிக்கு விலை வைப்பது முதலில் காகிதம், அதற்கப்புறம்தான் இரும்பும் கட்டையும். காகிதம் சரியில்லாத உயர்ந்த துப்பாக்கியைவிடக் காகிதம் சரியாக இருக்கிற சுமாரான துப்பாக்கிக்கு மதிப்பு அதிகம். முன்னதை விற்கவே முடியாது என்பதுதான் காரணம்.

லட்சக் கதை எங்கிருந்து வந்தது என்றால், அதில் பாதி உண்மை இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறத்தாழ நின்றுபோனது. அதனால் ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட வெளிநாட்டுப் பிஸ்டல், ரிவால்வர், நல்ல ரைஃபிள்களின் விலை தாறுமாறாக ஏறியது. அந்தக் கதையைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டு ரெட்டைக்குழலுக்கும் அதே கணக்குப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு போருக்கு அந்தத் தட்டுப்பாடு வரவே இல்லை. மேற்கு வங்கத்து இஷாப்பூர் அரசு ஆலையில் செய்தார்கள், பீகாரின் முங்கேரிலும் ஜம்முவிலும் தனியார் பட்டறைகள் லைசென்ஸோடு செய்தன, வெள்ளைக்காரன் காலத்தில் இறங்கியவை வேறு ஏராளம். சரக்கு நிறைய, கேட்பார் குறைவு.

கேட்பார் ஏன் குறைந்தார்கள் என்பதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். வேட்டைக்குப் போக முடியாது என்றானபின் பன்னிரண்டு போர் போன்ற ரவைத் துப்பாக்கிக்கு மிச்சம் இருந்த வேலை பயிர்க்காவல், தற்காப்பு, அந்தஸ்து, அவ்வளவுதான். பயிர்க்காவலும் இப்போது பெயருக்குத்தான். இந்தப் பக்கத்து நிலக்கடலை, ராகி, மரவள்ளி விவசாயிக்குக் காட்டுப்பன்றியால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படிகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறை ஆட்களின் வேலை. தோட்டக்காரர் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு அதில் இடமில்லை.

அடுத்த அடி 2019 டிசம்பரில் விழுந்தது. ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்று வைத்திருந்தவர் எதைக் கைவிடுவார்? பிஸ்டலையா? பழைய ரெட்டைக்குழலைத்தான். புதிதாக வாங்க வருகிறவருக்கும் இருப்பது இரண்டே இடம், அதில் ஒன்றை உங்கள் தாத்தாவின் தேய்ந்த துப்பாக்கிக்குக் கொடுக்க அவர் யோசிப்பார். இப்போது உண்மையாகவே பன்னிரண்டு போர் தேடி வருபவர்கள் யார் என்று பார்த்தால், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கியிலோ நகைக்கடையிலோ காவல் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர் இன்னொரு பக்கம். காவலாளிக்கு வேலை செய்கிற, மலிவான, பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கிற ஒன்று போதும். விளையாட்டுக்காரர் உங்கள் வீட்டுச் சரக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சரி, காகிதத்துக்கு வருவோம். பழைய லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். 1965 அக்டோபருக்கு முன்னால் கொடுத்தது என்றால் அதில் சேலம் கலெக்டர் முத்திரை இருக்கும், ஏனென்றால் அப்போது தர்மபுரி என்று தனி மாவட்டமே கிடையாது. அதற்குப் பிறகு தர்மபுரி முத்திரை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும், ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை பக்கத்து லைசென்ஸெல்லாம் அந்த ஆட்சியர் அலுவலகத்தின் பொறுப்புக்குப் போனது. ஒரே துப்பாக்கிக்கு மூன்று ஊர் முத்திரை விழுந்த புத்தகங்கள் உண்டு. ஓரம் செல்லரித்து, மடித்த இடத்தில் பிய்ந்து, செல்லோடேப் ஒட்டி, நடுவில் சில வருடங்களுக்குப் புதுப்பித்த முத்திரையே இல்லாமல் இருக்கும். அந்த இடைவெளிதான் பிரச்சினை. அதை வைத்து வாங்குகிறவருக்கு எதுவும் மாற்றித் தர முடியாது, முதலில் அலுவலகத்தில் பழைய பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துச் சரி செய்தாக வேண்டும்.

அப்புறம் எண். புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணும் துப்பாக்கியில் வெட்டியிருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். குழலுக்கு அடியில், முன்கட்டையை (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற கட்டை) கழற்றினால் தெரிகிற இடத்தில், பூட்டுப் பகுதியில் என்று இரண்டு மூன்று இடத்தில் எண் இருக்கும். ஒரு காலத்தில் யாரோ குமாஸ்தா மூன்றை எட்டாக எழுதிவிட்டுப் போயிருப்பார், அது அப்படியே நாற்பது வருடம் நகலாகி வந்திருக்கும். விற்கிற அன்றைக்குத்தான் வெளியே வரும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றிக் கொடுக்கிற அடையாள எண், அதாவது யு.ஐ.என்., லைசென்ஸில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாத லைசென்ஸ் இன்றைக்குச் செல்லாது. கிராமத்தில் வயதானவர்கள் வைத்திருந்த லைசென்ஸ் பல இதில்தான் மாட்டிக்கொண்டது, கையால் எழுதிய புத்தகம் பத்திரமாக இருக்கிறது, கணினியில் ஆளே இல்லை.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டார் என்றால் கணக்கே வேறு. அவரோடு லைசென்ஸும் முடிந்தது. வீட்டில் இருப்பது அப்பாவின் துப்பாக்கி என்று நீங்கள் நினைக்கலாம், சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸ் இல்லாத ஆள் கையில் இருக்கிற துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி அதைத் தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்துகொண்டு வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், இரண்டுக்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் விதித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் அது அரசுக்குப் போகும். ஒப்படைக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டு பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. பத்தாயிரமோ இருபதாயிரமோ வரும் என்று காத்திருக்கிற பொருளுக்கு இது எவ்வளவு பெரிய பந்தயம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர் இருக்கும்போதே செய்துகொள்வதற்கு 2016 ஆயுத விதிகளில் நல்ல வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. லைசென்ஸ்காரருக்கு எழுபது வயதாகியிருந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, இதில் எது முன்னால் வருகிறதோ அப்போதே, தன் வாரிசு ஒருவரைக் காட்டி அவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கட்டணம் பெரிதில்லை, போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை என்று நடக்கிற நடைதான்.

விற்பது என்று முடிவெடுத்தால், யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று வாங்குபவரின் பெயர் முகவரியோடு ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். இது சட்டத்தின் 5ஆம் பிரிவு. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, "விலை பேசலாம்" என்று எழுதி, பார்க்க வருகிறவரிடம் அன்றைக்கே கொடுத்து அனுப்புகிற வேலையெல்லாம் பழைய பைக்குக்குச் சரி.

இனி துப்பாக்கியையே எடுத்துப் பார்க்கலாம், எனக்கு இந்தப் பகுதியில்தான் ஆர்வம் அதிகம். முதலில் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல வருடமாகச் சும்மா கிடந்தது, உள்ளே எதுவும் இருக்காது என்கிற நினைப்பில் விபரீதமானவர்கள் உண்டு.

மேலே, கட்டைக்கும் குழலுக்கும் நடுவில், கட்டைவிரலால் தள்ளுகிற திறப்பு நெம்புகோல் இருக்கும். துப்பாக்கியை மூடியதும் அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். புதிதில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலது பக்கமாக நிற்கும். சுடச்சுடத் தேய்ந்து நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றால் பூட்டு நன்றாகத் தேய்ந்துவிட்டது. அடுத்து முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைத் திரும்ப மாட்டி மூடி, கைப்பிடியைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால், அல்லது வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது குழலின் பின்முனைக்கும் அது போய் ஒட்ட வேண்டிய இரும்புச் சுவருக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால், அந்தத் துப்பாக்கி சுடத் தகுந்தது இல்லை. வெடிக்கிற வேகம் முழுவதும் அந்த இடத்தில்தான் தாங்க வேண்டும், அதற்குப் பக்கத்தில்தான் சுடுகிறவரின் முகம் இருக்கும்.

குழலைத் தனியாகக் கழற்றிச் சன்னல் பக்கம் திருப்பி, பின்முனையில் கண் வைத்துப் பாருங்கள். நல்ல குழல் உள்ளே கண்ணாடி மாதிரி, ஒளி வட்ட வட்டமாகச் சீராக ஓடும். கரிமருந்துத் தோட்டா போட்டுச் சுட்டு, அன்று இரவே துடைக்காமல் வைத்த குழலில், குறிப்பாகப் பின்முனையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும், அம்மைத் தழும்பு போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது அழுக்கு இல்லை, இரும்பை அரித்த குழி. துணி விட்டு எவ்வளவு இழுத்தாலும் போகாது. எங்காவது ஒரு இடத்தில் ஒளி வட்டம் உடைந்து நிழல் வளையம் மாதிரி தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது, முன்னால் ஏதோ அடைத்துக்கொண்டு சுட்டிருக்கிறார்கள். வெளியே விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். உப்பிய குழலுக்கு வைத்தியம் கிடையாது, அதோடு பேச்சு முடிந்தது.

அதே குழலை அடியிலுள்ள கொக்கியில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, நகத்தாலோ சின்ன மரத்துண்டாலோ தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும். கரகரவென்று செத்த சத்தம் வந்தால் இரண்டு குழலையும் இணைக்கிற பட்டையில் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது. கட்டையில் கைப்பிடி மெலிகிற இடத்தைக் கவனமாகப் பாருங்கள், அங்கேதான் விரிசல் விடும். சிலர் ஆணி அடித்தோ தாமிரக் கம்பி சுற்றியோ வைத்திருப்பார்கள். நம் ஊர் வறண்ட ஊர்தானே, துரு எப்படி வந்தது என்று கேட்பார்கள். ரெக்சின் உறையிலும் தோல் உறையிலும் போட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால் உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேர்தல் வரும்போதெல்லாம் ஒப்படைத்து, எண்ணெய் இல்லாமல் நாலைந்து துப்பாக்கியோடு சேர்ந்து மூலையில் நின்று திரும்பி வருவதும் ஒரு காரணம்.

குழலின் மேல் பட்டையில் கம்பெனி பெயர் இருக்கும், எல்லோரும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். நான் கடைசியில் படிக்கச் சொல்வேன். கல்கத்தாவில் மேன்டன், ரோடா, லயன் அண்ட் லயன் என்று பெரிய துப்பாக்கிக் கடைகள் இருந்தன. இந்த ரோடா கம்பெனியின் சரக்கைத்தான் 1914 ஆகஸ்டில் வங்கத்துப் புரட்சிக்காரர்கள் வண்டியோடு கடத்திக்கொண்டு போனார்கள். இந்தக் கடைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயரை வெட்டி விற்றார்கள், ஆகவே மேலே இருக்கிற பெயர் பல நேரம் விற்றவர் பெயர், செய்தவர் பெயர் இல்லை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சரக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது உயர்ந்த ஆங்கிலக் கம்பெனி, அந்த மயக்கத்தில் வாங்கட்டும் என்று 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று வெட்டிய மலிவுத் துப்பாக்கிகள் உலகம் முழுக்கப் போயின. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று இருந்தால் ஆச்சரியமில்லை.

உண்மையைச் சொல்வது குழலுக்கு அடியில், தட்டையான இடத்தில் இருக்கிற சோதனை முத்திரைகள். கிரீடம் வைத்த குறிகள் இருந்தால் லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதித்தது. மேலே கிரீடம் இருந்தாலும், முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் லியேஜ். 'நைட்ரோ' என்ற சொல் இருந்தால் இப்போதைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது, இல்லாவிட்டால் கரிமருந்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. வைரம் போன்ற கட்டத்துக்குள் 12 என்று இருந்தால் பன்னிரண்டு போர் தோட்டாவுக்கானது என்று அர்த்தம். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒரு உருண்டைக்கு என்ன குறுக்களவோ அதுதான் பன்னிரண்டு போர், சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர்.

தோட்டா உட்காரும் அறையின் நீளம் இன்னொரு சங்கதி. பழைய ஆங்கிலத் துப்பாக்கி பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இப்போது கிடைக்கிற தோட்டாவில் 70 மில்லிமீட்டரும் உண்டு, அந்த அளவு சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டா மடித்து மூடியிருப்பதால் சின்ன அறைக்குள்ளும் சமர்த்தாகப் போய் உட்காரும். உள்ளே போகிறதே என்று போட்டுச் சுட்டால், வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும்.

குழல் முழுக்க அலை அலையாக, பாம்புத் தோல் மாதிரி கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கி, கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி இணைத்தது. பார்க்க அவ்வளவு அழகு, பெயரைக் கேட்டதும் விலை ஏறும் என்று நினைப்பார்கள். முதல் உலகப்போர் வாக்கில் அந்த முறையே வழக்கொழிந்துவிட்டது. இணைப்புகளுக்கு உள்ளே துரு எங்கே ஓடியிருக்கிறது என்று வெளியே தெரியாது என்பதால், அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடுவது கையை அடகு வைப்பதற்குச் சமம். வங்கிக் காவலாளிக்கு அது உதவாது. சேகரிப்பவர் ஒருவர் லைசென்ஸோடு கிடைத்தால் உண்டு.

"திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கி" என்று சொல்வதும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும். பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதி திப்பு கையில் இருந்து 1792இல் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது, கிருஷ்ணகிரிக் கோட்டை பக்கத்திலேயே நிற்கிறது, அதனால் நம்பத் தோன்றும். ஆனால் நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போடுகிற துப்பாக்கி எதுவும் திப்பு காலத்ததாக இருக்க வழியில்லை. அவர் இறந்தது 1799இல், மடித்துத் திறக்கிற முறை பிரான்சில் வந்ததே 1830களில். வெளியே சுத்தியல் தெரியாத, இப்போது நாம் பார்க்கிற மாதிரி பெட்டிப் பூட்டு ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் காப்புரிமை பெற்றது. உங்கள் வீட்டுத் துப்பாக்கி நூறு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழசு என்பதற்காகச் சட்டம் விட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, பழுதான ஆயுதங்களுக்கு. ஆனால் அதே வரியின் கடைசியில், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதது என்று சேர்த்திருக்கிறார்கள். துருப்பிடித்து விசை ஓடாமல் இருக்கிற துப்பாக்கியை ஒரு நல்ல கைவினைஞர் ஒரு வாரத்தில் ஓட வைத்துவிடுவார் என்றால், அது விலக்குக்குள் வராது. அதை முடிவு செய்வதும் வீட்டுக்காரர் இல்லை.

பழுது பார்த்து நல்ல விலைக்கு விற்கலாம் என்ற யோசனை வரும், அதுவும் ஓசூரைச் சுற்றி லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமா? மைக்ரான் கணக்கில் உதிரிபாகம் கடைகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், தேய்ந்த ஒரு முளையைச் செய்து மாட்டுவது அவர்களுக்கு அரை நாள் வேலை. ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும், அதுவும் அதே 5ஆம் பிரிவில்தான் வருகிறது. தெரிந்த பட்டறைதானே என்று கொடுத்தால் உங்களோடு சேர்த்து அவரையும் கேஸில் இழுத்துவிடுவீர்கள். லைசென்ஸ் உள்ள பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால், ஆட்டத்தைச் சரி செய்து, குழல் பள்ளம் எடுத்து, கட்டை மாற்றுகிற செலவு, சாதாரணத் துப்பாக்கிக்கு விற்கிற விலையையே தாண்டிவிடும். விற்பதற்காகப் பழுது பார்ப்பது என் கணக்கில் வீண். இன்னொன்று, பளபளவென்று ஆக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து வைக்காதீர்கள். நல்ல கம்பெனித் துப்பாக்கியாக இருந்தால் அந்தத் தேய்ப்பிலேயே முத்திரையும் செதுக்கு வேலையும் பாதி போய்விடும், சேகரிப்பவர் அதைத்தான் தேடுகிறார்.

அப்படியானால் எதை விற்கலாம் என்றால், லைசென்ஸ் நடப்பில் இருந்து, எண் ஒத்துப்போய், பூட்டு இறுக்கமாக, குழல் உள்ளே சுத்தமாக இருக்கிற இந்தியத் தயாரிப்பு ரெட்டைக்குழலைக் காவலாளி ஒருவருக்கு விற்பது சுலபம், விலையும் நியாயமாகக் கிடைக்கும். நல்ல ஆங்கிலக் கம்பெனி, அடி முத்திரை பொருந்துகிறது, செதுக்கு வேலை தெளிவாக இருக்கிறது என்றால் அவசரப்படாமல் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள், அங்கேதான் முதல் ஆள் சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒத்தைக்குழல், ஆட்டம் கண்ட ரெட்டைக்குழல், குழல் அரித்தது, பெயர் தெரியாத பெல்ஜியம், இதெல்லாம் வியாபாரியிடம் கொண்டு போனால் "எங்கிட்ட இது மாதிரி ஏற்கெனவே நிக்குதுங்கண்ணே, வைக்க இடம்தான் இல்ல" என்பார். பொய் சொல்லவில்லை. மாதாமாதம் பாதுகாப்பு வாடகை வாங்கிக்கொண்டு அவர் வைத்திருக்கிற துப்பாக்கிகளில் பாதி இப்படி யாரும் திரும்ப எடுக்க வராதவைதான். இரண்டு மூன்று வருட வாடகை துப்பாக்கி விலையைச் சாப்பிட்டுவிடும் என்பதால், விற்காது என்று தெரிந்த துப்பாக்கியை வியாபாரியிடம் இருப்பு வைப்பதில் அர்த்தமே இல்லை. அதற்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, லைசென்ஸையும் ரத்து செய்து, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது மேல். பணம் வராது. அண்ணன் தம்பிக்குள் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையும் வராது.

நாட்டுத் துப்பாக்கி என்று சொல்கிற, வாய்வழியாக மருந்து இடித்து அடைக்கிற ஒத்தைக்குழலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக் கிராமங்களில் ரெட்டைக்குழலைவிட அதுதான் அதிகம். பயிர்க்காவலுக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அப்படி முறையாக வாங்கியவர்கள் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கலாம். அதற்கு விற்பனை மதிப்பு என்று எதுவும் கிடையாது. லைசென்ஸ் இல்லாதது என்றால் விலை பேசுவதே குற்றம், வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்பதும் தெரிந்ததுதான். காவிரி வடக்கு சரணாலயம் 2014இல் வந்தது, காவிரி தெற்கு 2022இல் வந்தது, இந்த இரண்டு மாவட்டத்துக் காட்டில் ஒரு பகுதி இப்போது அவற்றுக்குள் இருக்கிறது. மான் வேட்டை, பன்றி வேட்டை என்று பிடிபட்டால் ஆயுதச் சட்டத்தோடு வனச் சட்டமும் சேரும். போலீசும் வனத்துறையும் அவ்வப்போது, கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாங்களாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று தண்டோரா போடுவார்கள், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவார்கள், கோயில் பக்கத்திலோ பொது இடத்திலோ யார் வைத்தது என்று தெரியாமல் வைத்துவிட்டுப் போனாலும் எடுத்துக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு வருகிற நேரம்தான் நேரம். வார்டு உறுப்பினரையோ ஊர்க்கவுண்டரையோ கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை மறந்துவிடுவார்கள். அலமாரி மேல் தகர டப்பாவில் பத்துப் பதினைந்து கிடக்கும், சக்திமான் என்று எழுதியது கொஞ்சம், அதைவிடப் பழைய காகித உறைத் தோட்டா கொஞ்சம், காகிதம் ஈரத்தில் உப்பி, பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். லைசென்ஸ் போன பிறகு அந்தத் தோட்டாவும் சட்டவிரோதம்தான். அதைக் குப்பையில் போடவோ அடுப்பில் போடவோ கிணற்றில் போடவோ வேண்டாம். துப்பாக்கியோடு சேர்த்து எண்ணி, எத்தனை என்று ரசீதில் எழுத வைத்துக் கொடுத்துவிடுங்கள்.